ரெண்டு ரப்பர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். என் பல் கிளினிக்குக்குக் கடைசி ஆளாக வந்தாள் பிளஸ் டூ முடித்த ஒரு பெண், கூடவே அவள் அம்மா. பல்லுக்குக் கம்பி போட்டுப் பத்து மாதம் ஆகிறது. மேல்வரிசை எத்துப்பல். இரண்டு பக்கமும் ஒவ்வொரு முன்கடைவாய்ப்பல்லை எடுத்துவிட்டு, அந்தக் காலி இடத்துக்குக் கோரைப்பல்லைப் பின்னால் நகர்த்திக்கொண்டிருந்தோம். கோரைப்பல்லில் ஒரு கொக்கி, கடைவாய்ப்பல்லில் ஒரு கொக்கி, இரண்டையும் இணைத்து ஒரு குட்டி ரப்பர் வளையம். தினமும் பழசைக் கழற்றிப் புதுசு மாட்டுவது அவள் வேலை.

அளந்து பார்த்தேன். இடது பக்கம் ஐந்து வாரத்தில் கோரைப்பல் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் பின்னால் போயிருந்தது. நான் எதிர்பார்த்த கணக்கு அதுதான். வலது பக்கமும் இடைவெளி குறைந்திருந்தது. ஆனால் கோரைப்பல் போன தடவை நின்ற இடத்திலேயே நின்றது. நகர்ந்திருந்தது கடைவாய்ப்பல். நங்கூரம் மாதிரி அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டிய பல் முன்னால் வந்திருந்தது. கோரைப்பல்லை விரலால் லேசாகத் தொட்டதுமே முகத்தைச் சுளித்தாள்.

“இந்தப் பக்கம் எத்தனை ரப்பர் போட்டே கண்ணு?”

அம்மாவைப் பார்த்தாள். “ரெண்டு, டாக்டர்.”

“நாந்தானுங் டாக்டரம்மா சொன்னேன்” என்றார் அம்மா. “அந்தப் பக்கத்தை விட இந்தப் பக்கம் லேட்டாகுதுன்னு சொன்னா. காலேஜ் ஹாஸ்டலுக்குப் போறதுக்குள்ள முடிஞ்சா நல்லதுங்களே. ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டா சீக்கிரம் வந்துருமுன்னு நெனச்சேனுங்க.”

எனக்குக் கோபம் வரவில்லை. கோபிச்செட்டிபாளையத்தில் பன்னிரண்டு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். “இன்னுங் கொஞ்சம் இறுக்கி விடுங்க டாக்டரம்மா” என்று கேட்காத அப்பா அம்மா அபூர்வம். வண்டியைத் தள்ள ஒருவர் போதாவிட்டால் இன்னொருவர் கை கொடுக்கிறோம். வாழ்க்கை நமக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது அதுதான். பல் மட்டும் ஏன் அப்படி நகர்வதில்லை? அன்று அந்த அம்மாவிடம் பத்து நிமிடத்தில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதிவைக்கிறேன். கம்பி போட்டிருக்கும் பிள்ளைகள் உள்ள எல்லா வீட்டுக்கும் இது போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் ஒரு நகத்தை அழுத்துங்கள்

இடது கைக் கட்டைவிரல் நகத்தை வலது கை விரலால் அழுத்திப் பிடியுங்கள். ரோஜா நிறத்தில் இருந்த நகம் வெளுத்துப் போகும். விட்டுவிடுங்கள். ஓரிரு விநாடியில் நிறம் திரும்பிவிடும். அழுத்தும்போது நகத்துக்கு அடியில் இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் நசுங்கி ரத்தம் ஒதுங்குகிறது. விட்டதும் திரும்பி ஓடி வருகிறது.

இப்போது அந்த அழுத்தத்தை ஒரு நாள் முழுக்க, ஒரு வாரம் முழுக்க எடுக்காமல் வைத்திருந்தால் என்ன ஆகும்? நாள்கணக்கில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களைப் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வந்துவிடும் என்பது வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் தெரியும். உடம்பின் எடை ஒரே இடத்தில் ரத்தக்குழாயை அழுத்திக்கொண்டே இருப்பதால் அந்த இடத்துச் சதை செத்துப்போகிறது. பல்லை அளவுக்கு மீறி இழுத்தால் பல்லின் வேருக்குப் பக்கத்தில் நடப்பதும் இதே வகைச் சங்கதிதான். வெளியே தெரியாது, அவ்வளவே வித்தியாசம்.

பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே

சுவரில் ஆணி அடித்த மாதிரி பல் எலும்பில் இறுகிக் கிடக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பல்லின் வேர் எலும்பைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவே சுற்றிலும் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. பெரியோடான்டல் லிகமென்ட் என்று எங்கள் புத்தகங்களில் பெயர். நான் நார்ப்படலம் என்று சொல்கிறேன். அதன் தடிமன் சுமார் 0.2 மில்லிமீட்டர். நோட்டுப் புத்தகத்தின் இரண்டு தாளை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் வருமே, அவ்வளவுதான்.

அந்த இரண்டு தாள் தடிமனுக்குள் ஒரு ஊரே இருக்கிறது. ஒரு முனை வேரிலும் மறுமுனை எலும்பிலும் பதிந்த நார்கள். அவற்றுக்கு நடுவே நரம்புகள், பலவகைச் செல்கள், திசுநீர், பின்னல் வலை மாதிரி வேரைச் சுற்றிக்கொண்டிருக்கும் ரத்தக்குழாய்கள். எங்கள் பக்கத்து வயலுக்கு வாய்க்கால் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், மழைத் தண்ணீர் என்று மூன்று வழி இருப்பதைப் போல இந்தப் படலத்துக்கும் ரத்தம் மூன்று வழியாக வருகிறது. வேரின் நுனிப் பக்கமிருந்து மேலேறி வருவது ஒன்று. பல்குழியின் எலும்புச் சுவரில் இருக்கும் சல்லடைக் கண் போன்ற துளைகள் வழியாகப் பக்கவாட்டில் நுழைவது இன்னொன்று. ஈறிலிருந்து உள்ளே வருவது மூன்றாவது. மூன்றும் ஒன்றோடொன்று இணைந்தவை. ஒரு வழி கொஞ்சம் அடைபட்டாலும் மற்ற வழிகள் ஓரளவு தாங்கிக்கொள்ளும்.

இந்தப் படலம் இருப்பதால்தான் பல்லை நகர்த்தவே முடிகிறது. எலும்போடு ஒட்டிப்போன பல்லும், எலும்புக்குள் நேரடியாகப் பதிக்கும் செயற்கை வேரும் எவ்வளவு இழுத்தாலும் அசையாது. கம்பியும் ரப்பரும் தகவல் மட்டும்தான் சொல்கின்றன. எலும்பைக் கரைத்து வழிவிடுவதும், பின்னால் புது எலும்பு கட்டுவதும் அந்தப் படலத்தில் இருக்கும் உயிர்ச் செல்கள். அவற்றுக்குச் சோறும் மூச்சும் ரத்தம்.

முறுக்கைக் கடித்தால் நகராத பல்

அந்தப் பெண் புத்திசாலி. “அப்ப முறுக்கு கடிக்கறப்ப எவ்வளவோ அழுத்தம் விழுமே டாக்டர், அதுல நகராத பல்லு இந்த ரப்பர்ல எப்படி நகருது?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. மெத்தென்ற சாப்பாட்டை மெல்லும்போதே ஒன்றிரண்டு கிலோ அழுத்தம் பல்லில் விழுகிறது. கடினமான பொருளைக் கடித்தால் அது 50 கிலோ வரைகூடப் போகலாம். ஆனால் ஒவ்வொரு கடியும் ஒரு விநாடிக்கும் குறைவு. அந்த நேரத்துக்குள் நார்ப்படலத்தில் இருக்கும் நீர் எங்கும் ஒதுங்க முடியாது. அதுவே மெத்தை மாதிரி தாங்கிக்கொண்டு அழுத்தத்தை எலும்புக்குக் கடத்திவிடுகிறது. எலும்பு இம்மி வளைந்து நிமிர்கிறது. கதை முடிந்தது.

கம்பியோ ரப்பரோ அப்படி விட்டுவிடுவதில்லை. ஒன்றிரண்டு விநாடியில் படலத்து நீர் மெல்லக் கசிந்து ஒதுங்குகிறது, பல் தன் குழிக்குள்ளேயே ஒரு பக்கம் சாய்கிறது. மூன்று முதல் ஐந்து விநாடிக்குள் ரத்தக்குழாய்களுக்கு அழுத்தம் எட்டிவிடுகிறது. பல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கக் குழாய்கள் ஒடுங்குகின்றன. எதிர்ப்பக்கத்தில் நார்கள் இழுபட்டுக் குழாய்கள் விரிகின்றன. சில நிமிடங்களில் ரத்த ஓட்டமும் பிராணவாயு அளவும் மாறி, புரோஸ்டாகிளாண்டின் போன்ற வேதிப்பொருள்கள் சுரக்கத் தொடங்குகின்றன. நாலு மணி நேரம் தாண்டும்போது செல்களுக்குள் மாற்றம் ஆரம்பிக்கிறது. அழுத்தம் மிதமாக இருந்தால் இரண்டாவது நாள் வாக்கில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலைக்கு வந்துவிடுகின்றன.

ஆக, பல்லை நகர்த்துவதில் எடையை விடக் காலத்துக்குத்தான் பெரிய பங்கு. கழற்றி மாட்டும் பிளேட்டையும் ஒளிபுகும் அலைனரையும் பள்ளிக்கூடத்தில் கழற்றிப் பையில் வைத்திருந்துவிட்டு ராத்திரி மட்டும் மாட்டினால் பலன் குறைவதும், சின்ன வயதில் மணிக்கணக்காக விரல் சூப்பும் குழந்தைக்குப் பல் முன்னால் தள்ளிக்கொண்டு வருவதும் இதனால்தான். விரலின் அழுத்தம் சொற்பம். அது இருக்கும் நேரம் நீளம்.

அதிகமாக இழுத்தால்

இப்போது இரண்டு ரப்பருக்கு வருகிறேன்.

அழுத்தம் மிதமாக இருந்தால் ரத்தக்குழாய் ஒடுங்கும், ஆனால் மூடாது. ரத்தம் குறைவாகவாவது ஓடிக்கொண்டிருக்கும். எலும்பு கரைக்கும் செல்களில் ஒரு பகுதி அந்த இடத்திலேயே உருவாகின்றன, இன்னொரு பகுதி ரத்தத்தோடு பயணம் செய்து வந்து சேர்கின்றன. வந்த செல்கள் பல்லுக்கு நேர் எதிரே இருக்கும் எலும்புச் சுவரை முன்பக்கமிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். பல் சீராக நகரும்.

அழுத்தம் கூடினால் ரத்தக்குழாய் முற்றாக மூடிக்கொள்கிறது. வேலைக்கு ஆள் வர வேண்டிய சாலையையே நாம் அடைத்துவிட்டோம். உள்ளே இருந்த செல்களும் மூச்சு முட்டிச் சாகின்றன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அந்த இடம் செல் எதுவும் இல்லாமல் கண்ணாடி மாதிரி வெறுமையாகத் தெரியும். அதனால் கண்ணாடித்தன்மை என்ற பொருளில் ஹயலினைசேஷன் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

செத்த இடத்தில் பல் முட்டிக்கொண்டு நிற்கிறது. உடம்பு அதை அப்படியே விட்டுவிடுவதில்லை. பக்கத்தில் உயிரோடு இருக்கும் திசுவிலிருந்தும், எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை அறைகளிலிருந்தும் ஆட்களைத் திரட்டுகிறது. மூன்று முதல் ஐந்து நாள் அதற்கே ஆகிறது. அவர்கள் முன்பக்கமாக வர வழியில்லை. சுவரின் பின்பக்கத்திலிருந்து குடைந்துகொண்டு வர வேண்டும். குடைந்து முடித்துச் சுவர் விலக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகலாம். அதுவரை பல் அசையாது. சுவர் விலகிய பிறகு திடீரென்று ஒரு நகர்வு. அதற்குள் மறுபடி யாராவது இறுக்கிவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

மிதமாக இழுத்தாலும் அங்கங்கே சின்னச் சின்னதாக இந்தக் கண்ணாடித் திட்டுகள் உண்டாகத்தான் செய்கின்றன. முற்றாகத் தவிர்க்க முடியாது. திட்டு சின்னதாக இருந்தால் சீக்கிரம் ஆறும். நாங்கள் முயல்வது அதற்குத்தான்.

கடைவாய்ப்பல் ஏன் முன்னால் வந்தது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. ரப்பர் இரண்டு முனையையும் ஒரே அளவுதான் இழுக்கிறது. கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர், பரப்பு அதிகம். அதே இழுப்பு அந்தப் பரப்பில் பரவி நின்றால் ஒவ்வொரு புள்ளியிலும் விழும் அழுத்தம் குறைவு. ஒரு ரப்பர் போட்டபோது கோரைப்பல்லுக்கு அளவான அழுத்தம், கடைவாய்ப்பல்லுக்கு அது போதாது. இரண்டு போட்டதும் கோரைப்பல்லின் ரத்தக்குழாய்கள் மூடிக்கொண்டன. கடைவாய்ப்பல்லுக்கோ அதுவே நகர்வதற்கு அளவான அழுத்தமாக ஆகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஸ்டோரி, ஸ்மித் என்ற இருவர் 1952-ல் இதையே எழுதினார்கள். கோரைப்பல்லைப் பின்னால் இழுக்க 150 முதல் 200 கிராம் வரை போதும் என்றும், அதை வெகுவாகக் கூட்டியபோது கோரைப்பல் நின்றுவிட்டு நங்கூரப் பல் நகர்ந்தது என்றும். அவர்கள் சொன்ன எண்ணைப் பற்றிப் பிறகு வந்தவர்கள் நிறைய விவாதித்திருக்கிறார்கள். ஆனால் அன்று என் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் வாயில், இடது பக்கம் ஒன்று வலது பக்கம் இரண்டு என்று, அந்தப் பரிசோதனையே நடந்து முடிந்திருந்தது.

நூற்றிருபது வருடத்துக் கேள்வி

பல்லை நகர்த்தலாம் என்பது மிகப் பழைய சேதி. முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுதிய செல்சஸ், பாற்பல் விழுவதற்கு முன்பே புதுப்பல் முளைத்துவிட்டால் பாற்பல்லைப் பிடுங்கிவிட்டுப் புதுப்பல்லைத் தினமும் விரலால் அழுத்திச் சரியான இடத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறார். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தது மட்டும் வெகுகாலம் கழித்து. 1904-05-ல் சுவீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் நாய்களின் பல்லை நகர்த்தி, அந்த இடத்தைச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். கண்ணாடித் திட்டையும் பின்பக்கமிருந்து குடையும் செல்களையும் முதலில் விவரித்தவர் அவர்தான்.

அளவு என்ன என்ற கேள்விக்கு 1932-ல் ஷ்வார்ஸ் என்பவர் ஒரு விடை சொன்னார். தந்துகிகள் என்ற நுண்ணிய ரத்தக்குழாய்களுக்குள் இருக்கும் ரத்த அழுத்தத்தை நம் இழுப்பு தாண்டக் கூடாது. அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் வரை. ரத்த அழுத்தம் பார்க்கும் பாதரசக் கணக்குக்கு மாற்றினால் சுமார் 15 முதல் 19 மில்லிமீட்டர். கையில் பட்டை சுற்றிப் பார்க்கும்போது வரும் 120/80-ஐ நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு குறைந்த அழுத்தம் என்பது புரியும். பிறகு நார்வேயின் கோரே ரைட்டான் மனிதப் பற்களிலேயே இந்தத் திட்டுகளைப் பல வருடம் ஆராய்ந்தார்.

ஷ்வார்ஸ் சொன்ன எண்ணை இன்று யாரும் கல்வெட்டாக எடுத்துக்கொள்வதில்லை. வேரின் வடிவம், எலும்பின் அடர்த்தி, பல் நகரும் விதம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண்ணை ஆய்வுகளிலிருந்து எடுக்க முடியவில்லை என்று 2003-ல் வந்த ஒரு விரிவான தொகுப்பாய்வு சொல்லிவிட்டது. எண் போனாலும் ஷ்வார்ஸின் எண்ணம் நிற்கிறது: ரத்தம் ஓட இடம் விட்டு இழு.

நடைமுறையில் நாங்கள் வைத்துக்கொள்ளும் அளவுகளைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். ஒரு பல்லைச் சற்றே சாய்க்க 35 முதல் 60 கிராம். வேரும் வெளியே தெரியும் பகுதியும் சேர்ந்து முழுப் பல்லையும் தள்ளிவைக்க 70 முதல் 120 கிராம். சாய்க்கும்போது அழுத்தம் வேரின் ஓரத்தில் குவிகிறது, முழுதாக நகர்த்தும்போது ஒரு பக்கம் முழுக்கப் பரவுகிறது. அதனால் இரண்டு மடங்கு தாங்குகிறது. பல்லை உள்ளே இறக்கவோ 10 முதல் 20 கிராம் மட்டும். அத்தனை அழுத்தமும் வேரின் கூர்நுனியில் விழுகிறது என்பதுதான் காரணம். பத்து கிராம் என்பது ஒன்றேகால் பவுன் காசின் எடை.

இப்படி மெல்லிசாக, விடாமல் இழுப்பது அந்தக் காலத்து விறைப்பான கம்பிகளுக்கு லேசில் கைவரவில்லை. முறுக்கிய அன்று பலமாக இழுக்கும், கொஞ்சம் நகர்ந்ததும் விசை இறங்கிவிடும். அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர் கண்டுபிடித்த நிக்கல்-டைட்டானியக் கலவை வந்த பிறகு நிலைமை மாறியது. நிட்டினால் என்ற அந்தக் கம்பியை 1970-களில் ஐயோவா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் பல் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். எவ்வளவு வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும், அதுவும் ஒரே மெல்லிய விசையோடு. உங்கள் பிள்ளைக்கு முதல் சில மாதம் போடும் நூல் மாதிரியான கம்பி பெரும்பாலும் இதுதான். மெல்லிசாக இருக்கிறதே என்று குறை நினைக்காதீர்கள்.

நான் செய்த தவறு

மேற்படிப்பு முதல் வருடத்தில் எனக்கும் அவசரம் இருந்தது. ஒரு இளைஞருக்கு, அடுத்த தடவை வரும்போது பேராசிரியரிடம் நல்ல மாற்றம் காட்ட வேண்டும் என்று, தேவைக்கு மேல் தடித்த கம்பியைப் போட்டு இழுத்துக் கட்டினேன். மூன்று நாள் அவர் சாப்பிட முடியாமல் இருந்திருக்கிறார். நாலு வாரம் கழித்து வந்தபோது பல் நகரவில்லை, ஆடிக்கொண்டிருந்தது. பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் வேரின் நுனி முன்பு இருந்ததை விட மழுங்கியிருந்தது.

கண்ணாடித் திட்டைச் சுத்தம் செய்ய வரும் செல்கள் சில சமயம் பக்கத்தில் இருக்கும் வேரையும் சேர்த்துக் கரைத்துவிடுகின்றன. சாதாரணமாக வேரின் மேலுறை எலும்பை விடத் தாக்குப்பிடிக்கும். எலும்பு கரைந்து வேர் தப்புவதால்தான் இந்த வைத்தியமே நடக்கிறது. செத்த திசு ஒட்டிக்கிடக்கும் இடத்தில் அந்தக் காப்பு பலவீனப்படுகிறது. சின்னப் பள்ளங்களை, இழுப்பை நிறுத்தி ஓய்வு கொடுத்தால் உடம்பு தானே பூசி மூடிவிடும். நுனியே குட்டையாகிவிட்டால் அது திரும்ப வளராது.

அந்த இளைஞரின் பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, இப்போதும் திடமாகத்தான் இருக்கிறது. ஆனால் மழுங்கிய நுனி மழுங்கியதுதான். அதன் பிறகு விசை அளக்கும் கருவி இல்லாமல் ஒரு ரப்பரைக்கூட நான் யாருக்கும் கொடுத்ததில்லை. நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை வரச் சொல்வதும் இதற்காகவே. வாராவாரம் வந்து இறுக்கிக்கொண்டால் ஆறுவதற்கு நேரம் எங்கே இருக்கிறது?

வேருக்கு உள்ளே இருக்கும் பல்கூழுக்கும் ரத்தம் நுனித் துளை வழியாகத்தான் போகிறது. கம்பி போட்ட புதிதில் அந்த ஓட்டத்தில் சற்று ஏற்ற இறக்கம் இருக்கும், பெரும்பாலும் தானே சரியாகிவிடும். பல் உயிரிழப்பது அபூர்வம். ஆனால் சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல்லில் அடிபட்டவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். “அதெல்லாம் எட்டு வருஷத்துக்கு முன்னாடிங்க, சொல்லணுமா?” என்று கேட்கிறார்கள். கட்டாயம் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு

கம்பி இறுக்கிய அன்று சில மணி நேரம் கழித்து வலி தொடங்கும், மறுநாள் உச்சத்தில் இருக்கும், பிறகு ஒரு வாரத்துக்குள் அடங்கும். ரத்த ஓட்டம் குறைந்ததும் அதைத் தொடர்ந்து வரும் அழற்சியும் சேர்ந்த வலி அது. உங்கள் டாக்டர் சம்மதித்தால், முதல் சில மணி நேரம் சர்க்கரை இல்லாத சூயிங்கத்தை மென்மையாக மெல்வது உதவும். மெல்லும்போது பல் இம்மி அசைந்து, நசுங்கிய குழாயில் கொஞ்சம் ரத்தம் ஓடிவிடுகிறது. வலிக்குப் பொதுவாக நாங்கள் சொல்வது பாராசிட்டமால். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டினைத் தடுப்பவை. பல்லை நகர்த்தும் சங்கிலியில் அதுவும் ஒரு கண்ணி என்று மேலே சொன்னேனே. ஒரு வேளை போட்டதால் ஒன்றும் கெட்டுவிடாது, ஆனால் நாள்கணக்கில் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

பெரியவர்கள் கம்பி போட வந்தால் நான் பல்லுக்கு முன் கேட்கும் கேள்விகள் சில உண்டு. புகை பிடிப்பீர்களா? நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? நுண்ணிய குழாய்களையும் புண் ஆறுவதையும் அது நேராகப் பாதிக்கும். எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறீர்களா? அவற்றில் சில, எலும்பு கரைக்கும் செல்களையே அடக்கிவைப்பவை. ஈறில் ரத்தம் கசிகிறதா? ஈறு நோயில் எலும்பு இறங்கிப்போன பல்லுக்குத் தாங்கும் பரப்பு குறைவு. மற்றவருக்கு மிதமான இழுப்பு அவருக்கு மிகை. நாற்பதிலும் ஐம்பதிலும் பல் நகரும், சந்தேகமே வேண்டாம். ரத்த ஓட்டமும் ஈறும் நன்றாக இருந்தால் போதும், அதற்கேற்பக் கையைத் தளர்த்திக்கொள்ள வேண்டியது எங்கள் பொறுப்பு.

பத்து விநாடி அழுத்திய நகம் உடனே சிவந்துவிடும். பத்து நாள் அழுத்திய திசுவுக்கு வாரக்கணக்கில் ஆகும். அந்தப் பெண்ணுக்கு அன்று வலது பக்க ரப்பரை முழுக்கக் கழற்றிவிட்டு நாலு வாரம் ஓய்வு கொடுத்தேன். முன்னால் வந்த கடைவாய்ப்பல்லைப் பிடித்து நிறுத்த எலும்பில் ஒரு சின்னத் திருகாணி பொருத்த வேண்டியிருக்கும் என்பதையும், ஹாஸ்டல் போவதற்குள் முடியாது, கூடுதலாக மூன்று மாதமாவது ஆகும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அம்மா கண் கலங்கிவிட்டார். “நல்லதுன்னு நெனச்சுத்தானுங் செஞ்சேன்” என்றார். எனக்கும் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். ரப்பர் பாக்கெட்டைக் கையில் கொடுக்கும்போது ஒன்று மட்டும் போடு என்று சொன்ன நான், ஏன் ஒன்று மட்டும் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

இந்த வாரம் திரும்பி வந்தாள். பல்லைத் தொட்டேன், வலி இல்லை. ஆட்டமும் இல்லை. புது ரப்பர் ஒன்றை எடுத்து, விசை அளக்கும் கருவியில் மாட்டி அவளையே இழுத்துப் பார்க்கச் சொன்னேன். முள் 120 கிராமில் வந்து நின்றது.

“இவ்வளவு கம்மிதானா டாக்டர்?”

“இவ்வளவுதான் கண்ணு. மிச்ச வேலையை ரத்தம் பாத்துக்கும்.”

கண்ணாடியைப் பார்த்து அவளே அந்த ஒரு ரப்பரை மாட்டிக்கொண்டாள்.